‘சரிசெய்த பின்’ என்ற சொல்லைக் குறுக்கு விசாரணை செய்வோம்

தனியார் துறையில் இடஒதுக்கீடு கோரும்போதெல்லாம், ‘பிற காரணிகளைச் சரிசெய்துவிட்டால் பாகுபாடு சொற்பமே’ என்றொரு எதிர்வாதம் எழுகிறது. சரிசெய்தல் எவ்வாறு நடக்கிறது என்று அறியாமல் இதற்கு விடை கூற இயலாது.

அமெரிக்காவில், தகுதியில் நிகரான விண்ணப்பதாரர்களைக் கொண்டு கறுப்பினத்தவர், லத்தீன் இனத்தவர் மீதான பணியமர்த்தல் பாகுபாட்டைச் சோதித்த 28 கள ஆய்வுகளை லிங்கன் குயிலியன் குழுவினர் 2017இல் ஒன்றுதிரட்டினர். 1989 முதல், கறுப்பினத்தவரைவிட வெள்ளையர் 36 விழுக்காடு கூடுதலாக அழைப்புப் பெற்றிருந்தனர். காலப்போக்கில் இந்த இடைவெளி குறையவில்லை. கல்வி, பாலினம், தொழில், ஆய்வுமுறை ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் முடிவு பெரிதாக மாறவில்லை.

அவ்வாறு கணக்கில் கொள்ளும் கருவியே மெட்டா ரிக்ரஷன். ஒவ்வோர் ஆய்வின் முடிவையும் அந்த ஆய்வின் தன்மைகளோடு இணைத்து அது ஒரு சமன்பாட்டை உருவாக்குகிறது. துல்லியமான ஆய்வுக்கு எடை அதிகம். சமன்பாட்டின் வெட்டுத்துண்டையே ‘சரிசெய்யப்பட்ட விளைவு’ எனப் படிப்பது பரவலான பிழை. எல்லா மாறிகளும் பூச்சியமாக இருக்கும்போது கிடைக்கும் விளைவு மட்டுமே அது. ஆண்டை 1995, 2010 என அப்படியே இட்டிருந்தால், வெட்டுத்துண்டு சொல்வது பூச்சியமாம் ஆண்டின் பாகுபாட்டை! ஆகவே ஒவ்வொரு மாறிக்கும் பொருளுள்ள ஒரு மதிப்பைத் தேர்ந்து சமன்பாட்டில் இட்டாக வேண்டும்.

கற்பனை எண்களைக் கொள்வோம். மடக்கை அளவில் வெட்டுத்துண்டு 0.20, ஆட்களை நேரில் அனுப்பிய ஆய்வுகளுக்குக் கூடுதலாக 0.20. விண்ணப்பம் மட்டும் அனுப்பியவற்றில் இடைவெளி 22 விழுக்காடு. நேரில் சென்றவற்றில் 49. இரண்டும் சரிபாதி என வைத்தால் 35. மூன்றுமே ‘சரிசெய்யப்பட்ட’ எண்கள்தாம்.

பொதுவாக ஆய்வுகளின் சராசரியே மதிப்பாக இடப்படுகிறது. ஆனால் ஆய்வாளர்கள் சோதித்த வேலைகளின் விகிதமும் நம் மக்கள் தேடும் வேலைகளின் விகிதமும் ஒன்றல்ல. சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தலித் பெயர் தாங்கிய விண்ணப்பம் அழைப்புப் பெறும் வாய்ப்பு, உயர்சாதி இந்துப் பெயருக்கு உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. 2009இல் வெளியான அபிஜித் பானர்ஜி குழுவின் டெல்லி ஆய்விலோ, மென்பொருள் வேலைகளில் சாதி இடைவெளி தென்படவில்லை. கால் சென்டர் வேலைகளில் பிற்படுத்தப்பட்டோருக்கும், அதனினும் குறைந்த அளவில் பட்டியல் சாதியினருக்கும் தென்பட்டது. தொழில் என்ற மாறியை ‘மென்பொருள்’ என நிறுத்திக் கணக்கிட்டால், பாகுபாடு காகிதத்திலிருந்து மறைந்துவிடும்.

எனவே, எந்த மதிப்பில் நிறுத்தினீர்கள், யார் தேர்ந்தது என்று கேளுங்கள். ஒரு மாறிக்குக் குறைந்தது 10 ஆய்வுகளேனும் வேண்டும் என்பது இத்துறையின் நடைமுறை விதி; அத்தனை ஆய்வுகளைக் காட்டச் சொல்லுங்கள்.