ஊர் டிரஸ்ட்டுக்கு ஜிபே பண்ணப் போறீங்களா? முதல்ல இந்த நாலு இடத்துல தேடிப் பாருங்க!

"நம்ம ஏரியூர் பக்கத்துல ஒரு டிரஸ்ட் இருக்கு. படிக்கிற பிள்ளைங்களுக்கு ஃபீஸ் கட்டுறாங்க. முடிஞ்சதை அனுப்புங்க" - இப்படி ஒரு மெசேஜ், கூடவே ஒரு க்யூ.ஆர் கோடு. தர்மபுரி மாவட்டத்துல இருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன பலரோட ஊர் வாட்ஸ்அப் குரூப்ல இது சகஜம். 500 ரூபாய்தானேன்னு சிலர் உடனே அனுப்பிடுவாங்க. எல்லாமே ஃபிராடுன்னு சிலர் கடந்து போயிடுவாங்க.

ரெண்டுமே சரியில்லை. முதல் வகைல பணம் தப்பான கைக்குப் போகலாம். ரெண்டாவது வகைல, நிஜமாவே வேலை செய்யுற ஒரு சின்ன அமைப்புக்குக் கிடைக்க வேண்டிய உதவி நின்னு போகலாம். நடுவுல ஒரு வழி இருக்கு. தொண்டு நிறுவனங்களைப் பத்தி அரசாங்கமே வெச்சிருக்கிற தகவல்ல கணிசமானதை போன்லயே பார்க்க முடியும். எங்க, எதைப் பார்க்கணும்னு தெரிஞ்சா போதும்.

1. அப்படி ஒரு அமைப்பு இருக்கா? - தர்பன்

முதல் ஸ்டாப், நிதி ஆயோக் நடத்துற 'என்.ஜி.ஓ தர்பன்' தளம். மாநிலம், மாவட்டம், துறை வாரியா தொண்டு நிறுவனங்களோட பட்டியல் இங்க இருக்கு. மத்திய அரசோட நிதியுதவிக்கு விண்ணப்பிக்க தர்பன் எண் தேவைங்கறதால நிறைய அமைப்புகள் இதுல பதிவு செஞ்சிருக்கும். பெயர், முகவரி, நிர்வாகிகள், எந்தச் சட்டத்துல பதிவானதுங்கற விவரங்களைப் பார்க்கலாம்.

இந்தக் கடைசி விவரம் முக்கியம். தமிழ்நாட்டுல ஒரு தொண்டு நிறுவனம் பொதுவா மூணு வடிவத்துல இருக்கும். சார்பதிவாளர் ஆபீஸ்ல பத்திரம் பதிஞ்ச டிரஸ்ட், 1975-ம் வருஷ தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கம், 2013-ம் வருஷ கம்பெனிகள் சட்டத்தோட 8-வது பிரிவுல வர்ற லாப நோக்கமில்லாத கம்பெனி. மூணாவது வகைன்னா, கம்பெனி விவகார அமைச்சகத்தோட தளத்துல அடிப்படை விவரங்களை இலவசமாவே பார்க்கலாம். கட்டணம் கட்டினா அது தாக்கல் செஞ்ச கணக்கு ஆவணங்களும் கிடைக்கும்.

தர்பன் எண்ணைப் பார்த்ததும் 'கவர்மென்ட் அப்ரூவ்டு'னு முடிவு பண்ணிடாதீங்க. அது பதிவு எண்தான், நற்சான்றிதழ் கிடையாது. அந்த எண்ணுல இருக்கிற வருஷமும் தர்பன்ல சேர்ந்த வருஷம்தான். அமைப்பு ஆரம்பிச்ச வருஷம் இல்லை.

2. வரிச்சலுகை நிஜமா? - வருமான வரித்துறை

'80ஜி இருக்கு, டாக்ஸ் பெனிஃபிட் கிடைக்கும்'னு நோட்டீஸ்ல போட்டிருந்தா, வருமான வரித்துறையோட தளத்துல அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களோட பட்டியல்ல பெயரையோ பான் எண்ணையோ போட்டுத் தேடுங்க. 2021-க்குப் பிறகு பழைய நிறுவனங்களும் இந்த அங்கீகாரத்தைப் புதுசா வாங்க வேண்டியிருந்தது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கவும் வேணும். அதனால பத்து வருஷம் முன்னாடி வாங்கின சான்றிதழோட போட்டோவை மட்டும் காட்டினா போதாது.

நன்கொடை கொடுத்த பிறகு '10பி.இ' படிவத்துல சான்றிதழ் கேளுங்க. நிறுவனம் உங்க நன்கொடையை வரித்துறைக்குக் கணக்கு காட்டினாதான் அந்தச் சான்றிதழை எடுக்க முடியும். 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா 80ஜி சலுகை இல்லை. புது வரி முறைல இருக்கீங்கன்னா எப்படிக் கொடுத்தாலும் இந்தக் கழிவு கிடையாது.

3. வெளிநாட்டுப் பணம் வருதா? - எஃப்.சி.ஆர்.ஏ

வெளிநாட்டு நன்கொடை வாங்க உள்துறை அமைச்சகத்தோட அனுமதி வேணும். அதுக்கான சட்டம்தான் எஃப்.சி.ஆர்.ஏ, இப்ப நடைமுறைல இருக்கிறது 2010-ல் வந்தது. 2020-ல் செஞ்ச திருத்தத்துல, நிர்வாகச் செலவுக்கு அதிகபட்சம் 50 சதவிகிதம்னு இருந்தது 20 சதவிகிதமா குறைஞ்சது. ஒரு அமைப்பு வாங்கின வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாத்திக் கொடுக்கவும் தடை வந்தது. பெரிய அமைப்புகள்கிட்ட இருந்து பங்கு வாங்கி கிராமத்துல வேலை செஞ்ச சின்ன அமைப்புகளுக்கு இது பெரிய அடி.

முன்னாடி இந்தத் தளத்துல நிறுவனங்களோட ஆண்டுக் கணக்கை யார் வேணும்னாலும் திறந்து பார்க்கலாம். 2022 ஜூலைல அந்த ஆண்டுக் கணக்குகளையும், உரிமம் ரத்தான நிறுவனங்களோட பட்டியலையும் உள்துறை அமைச்சகம் தளத்துல இருந்து எடுத்துடுச்சு. ஒரே நாள்ல பத்திரிகையாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் ஒரு ஜன்னல் மூடின மாதிரி ஆச்சு. அமெரிக்கால நிலைமை வேற. அங்க வரிவிலக்கு பெற்ற நிறுவனங்கள் தாக்கல் செய்யுற '990' படிவம் பொது ஆவணம். புரோபப்ளிகா செய்தி நிறுவனம் அதையெல்லாம் தேடிப் பார்க்குற மாதிரி இலவசமா தொகுத்து வெச்சிருக்கு. உயர் நிர்வாகிகளோட சம்பளம் வரைக்கும் அதுல தெரியும்.

4. கம்பெனிங்க கொடுக்குற பணம் - சி.எஸ்.ஆர்

நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி - இதுல ஏதாவது ஒண்ணைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவிகிதத்தை சமூகப் பணிக்குச் செலவு செய்யணும். எந்தக் கம்பெனி எந்த மாநிலத்துல, எந்தத் துறைக்கு எவ்வளவு செலவு செஞ்சதுன்னு தேசிய சி.எஸ்.ஆர் தளத்துல பார்க்கலாம். 2021 ஏப்ரல்ல இருந்து இந்தப் பணத்தை வாங்கி வேலை செய்யுற தொண்டு நிறுவனம் 'சி.எஸ்.ஆர்-1' படிவத்துல பதிவு செஞ்சிருக்கணும். 'பெரிய கம்பெனி எங்களுக்கு சி.எஸ்.ஆர் ஃபண்ட் கொடுக்குது'ன்னு யாராவது சொன்னா, அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்க.

ஒரு சிக்கல். பல கம்பெனிகள் செலவு செஞ்ச இடத்தை 'இந்தியா முழுக்க'ன்னு மொத்தமா காட்டியிருக்கும். அதனால தர்மபுரிக்குக் குறைவான தொகை தெரிஞ்சா, அதுதான் முழுக் கணக்குன்னு எடுத்துக்க முடியாது.

தேடும்போது கவனிக்க...

ஏரியூர் இப்ப தனி ஊராட்சி ஒன்றியம். ஆனா இந்தத் தளங்கள் பொதுவா மாவட்டத்தோட நின்னுடும். 'தர்மபுரி'ன்னு தேர்ந்தெடுத்துட்டு, முகவரில ஏரியூரா, பென்னாகரமான்னு நாமதான் பார்க்கணும். ஆங்கிலத்துல ஊர்ப் பெயரை ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதுறதால எல்லா ஸ்பெல்லிங்லயும் தேடுங்க. சிவகங்கை மாவட்டத்துலயும் ஒரு ஏரியூர் இருக்கு, குழப்பிக்க வேண்டாம். இன்னொண்ணு, 2004 பிப்ரவரில கிருஷ்ணகிரி தனி மாவட்டமாச்சு. அதுக்கு முன்னாடி ஓசூர்லயோ கிருஷ்ணகிரிலயோ ஆரம்பிச்ச அமைப்பு, பழைய ஆவணத்துல 'தர்மபுரி மாவட்டம்'னே இருக்கும்.

டேட்டா சொல்லாத விஷயம்

இதே தர்மபுரி மாவட்டத்துல சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவுல இருக்கு சித்திலிங்கி. டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா தம்பதி 1990-கள்ல அங்க குடிசைல ஆரம்பிச்ச மருத்துவப் பணிதான் இன்னிக்கு பழங்குடி மக்களுக்கான மருத்துவமனையா வளர்ந்திருக்கு. அந்த ஊர்ப் பெண்களையே பயிற்சி கொடுத்து சுகாதாரப் பணியாளர்களா ஆக்கினாங்க. இயற்கை விவசாயம், லம்பாடி எம்ப்ராய்டரின்னு அந்த வேலை விரிஞ்சது. பதிவு எண்ணோ வரவு-செலவுக் கணக்கோ இதைச் சொல்லாது. நேர்ல போய்ப் பார்த்தாதான், அங்க வைத்தியம் பார்த்தவங்ககிட்ட பேசினாதான் தெரியும்.

இதுக்கு நேர்மாறாவும் நடக்கலாம். பேப்பர் எல்லாம் பக்காவா இருக்கும், ஊர்ல ஒருத்தருக்கும் அந்த அமைப்பைத் தெரியாது. தளத்துல பெயர் இல்லாததால மட்டும் ஒரு அமைப்பு போலின்னு சொல்லிடவும் முடியாது. நாலு இளைஞர்கள் சேர்ந்து பதிவே செய்யாம சாயங்கால டியூஷன் நடத்தலாம். அங்க 80ஜி கேட்காதீங்க. போன மாசம் எவ்வளவு வந்தது, எதுக்குச் செலவாச்சு, பில் இருக்கான்னு கேளுங்க. குரூப்லயே கணக்கு போடுறவங்களை நம்பிக்கையோட பார்க்கலாம். கேள்வி கேட்டவரை குரூப்ல இருந்து தூக்குறவங்ககிட்ட உஷாரா இருங்க.

அரசாங்கப் பணத்துல பெரும்பகுதி நடக்குற அமைப்புன்னா இன்னொரு வழியும் உண்டு. அப்படிப்பட்ட தொண்டு நிறுவனங்களும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள்ள வரும்னு 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. நேரடியா மனு போட்டே கணக்கு கேட்கலாம்.

அடுத்த தடவை க்யூ.ஆர் கோடு வரும்போது ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடி மூணே விஷயம் கேளுங்க: அமைப்போட முழுப் பெயர், பான் அல்லது தர்பன் எண், பணம் போற பேங்க் அக்கவுன்ட் யார் பேர்ல இருக்கு. அமைப்போட பெயரும் அக்கவுன்ட் பெயரும் ஒத்துப் போகலைன்னா, காரணம் தெரியுற வரைக்கும் பணம் அனுப்பாதீங்க. எல்லாம் சரியா இருந்தா, 500 ரூபாயை மாசா மாசம் அனுப்புங்க. ஒரு சின்ன அமைப்புக்கு, எப்பவாவது வர்ற பெரிய தொகையைவிட நம்பி இருக்கக்கூடிய சின்ன தொகை ரொம்ப உதவும்.