நாய்களில் உண்ணிவழிக் குருதிச்சோகை

நாய்களில் உண்ணிவழிக் குருதிச்சோகை என்பது உண்ணிகளால் பரப்பப்படும் நுண்ணுயிர்கள் நாயின் குருதியைத் தாக்குவதால் செங்குருதியணுக்களின் எண்ணிக்கையும் ஈமோகுளோபின் அளவும் இயல்புக்குக் கீழே குறையும் நிலையாகும். இந்நிலையை உண்டாக்கும் பல நோய்களும் பேச்சு வழக்கில் உண்ணிக்காய்ச்சல் என ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றன. மனிதர்களிடம் உண்ணிக்காய்ச்சல் எனச் செய்தித்தாள்கள் குறிப்பிடும் ஸ்கிரப் டைபசு இதனின்றும் வேறான நோயாகும்.

இந்தியா உட்பட வெப்ப மண்டல நாடுகளில் இந்நோய் பரவலாகக் காணப்படுகிறது. உரிய மருந்தைக் காலத்தே அளித்தால் பெரும்பாலான நாய்கள் பிழைக்கின்றன. காலம் தாழ்த்தினால் இறப்பு நேரிடலாம். துணை மருத்துவமாக மூலிகைகளும் பயன்படுத்தப்படுகின்றன. அவற்றுள் சில பயன்தரக் கூடியவை, சில பயனற்றவை, சில குருதிச்சோகையை மேலும் கடுமையாக்குபவை.

வரலாறு

பாபேசியா என்னும் ஒட்டுண்ணிப் பேரினம், 1888 இல் மாடுகளின் குருதியில் அதனைக் கண்டறிந்த ருமேனிய அறிவியலாளர் விக்டர் பாபெசுவின் பெயரால் வழங்குகிறது. நாய்களைத் தாக்கும் பாபேசியா கேனிசு 1895 இல் இத்தாலியில் விவரிக்கப்பட்டது. பாபேசியா கிப்சோனி என்ற சிறிய இனம் தமிழகத்தோடு நேரடித் தொடர்புடையது. மதராசு வேட்டைக் கழகத்தின் வேட்டைநாய்களின் குருதியிலும் பின்னர் நரியின் குருதியிலும் இதனைக் கண்ட டபிள்யூ. எசு. பாட்டன், 1910 இல் இதனைப் புதிய இனமாக விவரித்தார்.

எர்லிச்சியா கேனிசு என்ற பாக்டீரியா 1935 இல் அல்சீரியாவில் கண்டறியப்பட்டது. வியட்நாம் போரின்போது, 1960களின் இறுதியில், அமெரிக்கப் படையின் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இந்நோயால் இறந்தன. அதன் பின்னரே இந்நோய் உலக அளவில் கவனம் பெற்றது.

நோய்க்காரணிகள்

* பாபேசியா: செங்குருதியணுக்களின் உள்ளே வாழ்ந்து பெருகும் ஓரணு உயிரி. இந்தியாவில் பாபேசியா வோகெலி, பாபேசியா கிப்சோனி ஆகியன காணப்படுகின்றன.
* எர்லிச்சியா கேனிசு: வெள்ளையணுக்களுள் வாழும் பாக்டீரியா.
* அனாபிளாசுமா பிளாட்டிசு: குருதிச் சிறுதட்டுக்களைத் தாக்கும் பாக்டீரியா.
* எப்பட்டோசூன் கேனிசு: மற்றோர் ஓரணு உயிரி. இது உண்ணி கடிப்பதால் அன்றி, நாய் உண்ணியை விழுங்குவதால் தொற்றுகிறது.

இவற்றுள் பலவற்றைப் பரப்புவது பழுப்பு நாய் உண்ணி ஆகும். இது வீட்டுச் சுவர் வெடிப்புகளிலும் நாய்க் கொட்டிலின் இடுக்குகளிலும் தங்கித் தன் வாழ்க்கைச் சுழற்சி முழுவதையும் மனிதக் குடியிருப்பிலேயே முடிக்க வல்லது. பாபேசியா கிப்சோனி உண்ணியால் மட்டுமன்றி, நாய்கள் சண்டையிட்டுக் கடித்துக் கொள்வதாலும், குருதி மாற்றத்தாலும், தாயிடமிருந்து குட்டிக்கும் பரவும்.

குருதிச்சோகை ஏற்படும் விதம்

குருதிச்சோகை மூன்று வழிகளில் ஏற்படுகிறது. எந்த மருந்து அல்லது மூலிகை உதவும் என்பது இவ்வேறுபாட்டைப் பொறுத்ததாகும்.

முதலாவது, அணுச்சிதைவு. பாபேசியா செங்குருதியணுக்களை நேரடியாக உடைக்கிறது. மேலும், உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு தொற்றிய அணுக்களோடு தொற்றாத அணுக்களையும் எதிரியாகக் கருதி மண்ணீரலில் அழிக்கிறது. இதனால் குருதியில் காணப்படும் ஒட்டுண்ணிகள் குறைவாக இருந்தாலும் குருதிச்சோகை கடுமையாக இருக்கலாம்.

இரண்டாவது, உற்பத்திக் குறைவு. நாட்பட்ட எர்லிச்சியா நோயில் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டுச் செங்குருதியணு, வெள்ளையணு, சிறுதட்டு ஆகிய மூன்றின் உற்பத்தியும் குன்றுகிறது.

மூன்றாவது, குருதியிழப்பு. சிறுதட்டுக்கள் குறைவதால் மூக்கிலிருந்தும் குடலிலும் குருதி கசியும். ஏராளமான உண்ணிகள் உறிஞ்சும் குருதியே சிறு குட்டிகளுக்குப் பேரிழப்பாகிவிடும்.

அணுச்சிதைவில் உடைந்த அணுக்களின் இரும்பு உடலிலேயே தங்கி மீண்டும் பயன்படுகிறது. எனவே இவ்வகைக் குருதிச்சோகையில் பொதுவாக இரும்புச்சத்துக் குறைபாடு இருப்பதில்லை. நெடுநாள் குருதி கசிந்த நாய்க்கே இரும்புச்சத்து தேவைப்படும்.

அறிகுறிகளும் கண்டறிதலும்

காய்ச்சல், சோர்வு, உணவில் விருப்பமின்மை, ஈறுகளும் கண்ணின் உட்புறமும் வெளிறுதல், வேகமான மூச்சு ஆகியன பொதுவான அறிகுறிகள். அணுச்சிதைவில் மஞ்சள் காமாலையும் செம்பழுப்பு நிறச் சிறுநீரும் காணப்படலாம். தோலிலும் ஈறுகளிலும் சிறு குருதிப் புள்ளிகள் தோன்றுவது சிறுதட்டுக் குறைவைக் காட்டும்.

நலமான நாயின் குருதியில் செங்குருதியணுக்கள் ஏறத்தாழ 37 முதல் 55 விழுக்காடு கனவளவைக் கொண்டிருக்கும். இவ்வளவு 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கினால் நிலை கடுமையானதாகும். குருதிப் பூச்சை நிறமேற்றி நுண்ணோக்கியால் பார்த்தல், எதிர்ப்பொருள் சோதனை, பாலிமரேசு தொடர் வினை ஆகியவற்றால் நோய்க்காரணி கண்டறியப்படுகிறது. நோய்க்காரணிக்கு ஏற்ப மருந்து மாறுவதால் இச்சோதனை இன்றியமையாதது.

மருத்துவம்

எர்லிச்சியா, அனாபிளாசுமா ஆகியவற்றுக்கு டாக்சிசைக்கிளின் அளிக்கப்படுகிறது. எர்லிச்சியாவுக்கு வழக்கமான காலம் 28 நாட்கள் ஆகும். சில நாட்களிலேயே நாய் தெளிவடைவது போல் தோன்றினாலும் இடையில் நிறுத்துதல் கூடாது. பெரிய வகைப் பாபேசியாவுக்கு இமிடோகார்ப் ஊசி பயனளிக்கிறது. பாபேசியா கிப்சோனியை இமிடோகார்ப் முற்றாக அகற்றுவதில்லை. அதற்கு அட்டோவாகோன், அசித்ரோமைசின் ஆகிய இரண்டும் சேர்த்து 10 நாட்கள் அளிக்கப்படுகின்றன. அட்டோவாகோன் கொழுப்புள்ள உணவுடன் கொடுத்தால்தான் நன்கு உறிஞ்சப்படும்.

குருதிச்சோகை கடுமையாக இருப்பின் குருதி மாற்றம் உயிர்காக்கும் மருத்துவமாகும். புதிய செங்குருதியணுக்கள் குருதியில் கூடத் தொடங்க மூன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். எந்த மூலிகையாலும் இக்கால இடைவெளியை நிரப்ப இயலாது.

மூலிகைத் துணை மருத்துவம்

சித்த மருத்துவம் குருதிச்சோகையைப் பாண்டு என்ற பெயரால் குறிப்பிடுகிறது. மனிதர்களின் பாண்டு நோய்க்கும் காய்ச்சலுக்கும் வழங்கிவந்த மூலிகைகளே பெரும்பாலும் நாய்களுக்கும் கொடுக்கப்படுகின்றன. இவற்றுள் எதுவும் மேற்கூறிய மருந்துகளுக்கு மாற்றாக நிறுவப்படவில்லை.

* பப்பாளி இலை: டெங்கு நோயாளிகளிடம் நடந்த சில ஆய்வுகளில் இதன் சாறு சிறுதட்டு எண்ணிக்கையை விரைந்து உயர்த்தியதாகக் கண்டறியப்பட்டது. நாய்களில் சிறிய அளவிலான ஆய்வுகளே நடந்துள்ளன. இதன் பயன் சிறுதட்டுக்களைச் சார்ந்தது; செங்குருதியணுக்களை இது பெருக்கும் எனக் கொள்ளலாகாது.
* நிலவேம்பு: 2012 இல் டெங்கு பரவியபோது தமிழ்நாடு அரசு நிலவேம்புக் குடிநீரை மக்களுக்கு வழங்கியது. நாயின் குருதியில் உள்ள பாபேசியாவையோ எர்லிச்சியாவையோ இது அழிக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.
* கரிசலாங்கண்ணி: பாண்டுக்கும் கல்லீரல் நோய்களுக்கும் சித்த மருத்துவத்தில் வழங்கும் மூலிகை. ஆய்வக விலங்குகளில் கல்லீரலைக் காக்கும் பண்பு காணப்பட்டுள்ளது.
* சீந்தில்: நோயெதிர்ப்பைத் தூண்டுவதாகக் கருதப்படுகிறது. உண்ணிக்காய்ச்சலில் நோயெதிர்ப்பு அமைப்பே செங்குருதியணுக்களை அழிப்பதால், அதனை மேலும் தூண்டுவது கோட்பாட்டளவில் தீங்காகலாம். சீந்தில் உட்கொண்ட மனிதர்கள் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக 2021 இல் இந்திய மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.
* ஆர்ட்டிமிசியா அன்னுவா: இதிலிருந்து பெறப்படும் ஆர்ட்டிமிசினின் மலேரியாவுக்கு மருந்தாகும். இதனைக் கண்டறிந்த தூ யூயூ 2015 இல் நோபல் பரிசு பெற்றார். இவ்வகைச் சேர்மங்கள் ஆய்வகக் கண்ணாடிக் கலங்களில் பாபேசியா கிப்சோனியின் வளர்ச்சியைத் தடுத்துள்ளன. நம் நாட்டு மாசிபத்திரி இதே பேரினத்தின் வேறோர் இனமாதலால் அதற்கு மாற்றாகாது.
* மஞ்சள்: அழற்சியைக் குறைக்கும் பண்புடையது. ஆயினும் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. மிகுந்த அளவில் சிறுதட்டுக்களின் செயலைத் தளர்த்தக்கூடும் என்பதால், குருதி கசியும் நாய்க்குத் தவிர்க்கப்படுகிறது.

மருந்துகளுடன் ஊடாட்டம்

இரும்புச்சத்து டாக்சிசைக்கிளினோடு பிணைந்து அது உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. ஆகையால் இரும்பு கலந்த சத்துநீர்கள், அன்னபேதிச் செந்தூரம் போன்ற இரும்புள்ள சித்த மருந்துகள் ஆகியவற்றை டாக்சிசைக்கிளினுடன் சேர்த்துக் கொடுத்தால், குருதியைப் பெருக்கும் நோக்கில் கொடுத்ததே நோயை நீடிக்கச் செய்துவிடும். மருத்துவரிடம் நாய்க்குக் கொடுக்கப்படும் மூலிகைகள் அனைத்தையும் தெரிவிப்பது இதனாலேயே அவசியமாகிறது.

தவிர்க்க வேண்டியவை

மனிதருக்குக் குருதி ஊறும் எனக் கருதிக் கொடுக்கப்படும் சில பொருட்கள் நாய்க்கு நஞ்சாகும்.

* வெங்காயம், பூண்டு: இவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் செங்குருதியணுக்களை ஆக்சிசனேற்றத்தால் சிதைக்கின்றன. உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 15 முதல் 30 கிராம் வெங்காயம் உட்கொண்ட நாய்களில் குருதி மாற்றங்கள் காணப்பட்டுள்ளன. சமைத்தாலும் இந்நச்சுத் தன்மை நீங்குவதில்லை. உண்ணிகளை விரட்டும் எனப் பூண்டு கொடுப்பதும் இவ்வகையில் தீங்கானதே.
* திராட்சை, உலர் திராட்சை: சிறுநீரகச் செயலிழப்பை உண்டாக்கக்கூடும்.
* கற்பூரம்: உடலில் பூசினாலும் நாய் நக்கி விழுங்குவதால் வலிப்பு ஏற்படலாம்.
* சீத்தாப்பழ விதைத் தூள்: பூச்சிகளைக் கொல்லும், ஆனால் கண்ணில் பட்டால் கடும் புண்ணை உண்டாக்கும்.

உணவு

குருதி உருவாக்கத்துக்குப் புரதம், இரும்பு, போலிக் அமிலம், உயிர்ச்சத்து பி12 ஆகியன தேவை. ஈரல், இறைச்சி, முட்டை ஆகியவற்றிலிருந்து நாய் இவற்றை எளிதில் பெறும். ஈரலை மிகுதியாகக் கொடுத்தால் உயிர்ச்சத்து ஏ அளவுக்கு மீறிச் சேரும். முருங்கைக்கீரையில் இரும்பு உண்டு. எனினும் தாவர இரும்பு இறைச்சி இரும்பைப் போல் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை.

தடுப்பு

குணமான நாய் மீண்டும் தொற்றுக்கு உள்ளாகலாம். பாபேசியா கிப்சோனி அறிகுறியின்றி உடலில் தங்கிவிடுவதும் உண்டு. எனவே உண்ணிகளைக் கட்டுப்படுத்துவதே நிலையான தீர்வாகும். பிப்ரோனில் சொட்டு மருந்து, ஐசாக்சசோலின் வகை மாத்திரைகள் ஆகியன நடைமுறையில் உள்ளன. வலிப்பு நோயுள்ள நாய்களுக்கு ஐசாக்சசோலின் வகையை மருத்துவரின் ஆலோசனைப்படியே கொடுக்க வேண்டும். வேப்பெண்ணெய் ஓரளவு உண்ணி விரட்டியாகப் பயன்படும். ஆனால் உட்கொள்ளத் தருதல் கூடாது.

எர்லிச்சியா, உண்ணி ஒட்டிய சில மணி நேரத்திலேயே பரவக்கூடும். பாபேசியா பரவப் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாட்கள் ஆகும். ஆகவே நாள்தோறும் காது மடல், விரலிடுக்கு, கழுத்து ஆகிய இடங்களைப் பார்த்து, உண்ணியை இடுக்கியால் தோலையொட்டிப் பற்றி நேராக இழுத்து அகற்ற வேண்டும். விரலால் நசுக்குதல், மண்ணெண்ணெய் ஊற்றுதல், தீயால் சுடுதல் ஆகியன தவறான முறைகளாகும். நாய் படுக்கும் இடத்தின் வெடிப்புகளைப் பூசி அடைப்பதும் தடுப்பின் ஒரு பகுதியாகும்.

இவற்றையும் பார்க்க

* உண்ணி
* குருதிச்சோகை
* செங்குருதியணு
* சித்த மருத்துவம்