கட்டண உறுப்பியம்: சேமிப்பா, செலவா?

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் பலருக்கு இன்று திறன்பேசியே கடைவீதியாகிவிட்டது. உணவு முதல் உடை வரை அனைத்தும் வீட்டு வாசலுக்கே வந்துசேர்கின்றன. சில நிறுவனங்கள் இவ்வசதியுடன் கட்டண உறுப்பியத்தையும் வழங்குகின்றன. மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் ஒரு தொகையைச் செலுத்துவோருக்கு விநியோகக் கட்டணச் சலுகை, தள்ளுபடி போன்றவை கிடைக்கும். மலேசியாவில் கிராப், ஃபூட்பண்டா ஆகிய செயலிகளில் இத்தகைய உறுப்பியம் உள்ளது.

அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் 2005ஆம் ஆண்டில் ‘பிரைம்’ உறுப்பியத்தை ஆண்டுக்கு 79 டாலர் கட்டணத்தில் தொடங்கியது. 2022இல் அது 139 டாலராக உயர்ந்தது. முன்கூட்டியே பணம் கட்டியவர், அதை வீணாக்க விரும்பாமல் அதே கடையை மீண்டும் மீண்டும் நாடுவார். நிறுவனத்திற்குக் கிடைக்கும் பெரிய ஆதாயம் இதுவே.

உறுப்பியம் பயனுள்ளதா என்பதை எளிய கணக்கால் அறியலாம். மாதக் கட்டணம் 10 வெள்ளி, ஒருமுறை விநியோகத்திற்கு 4 வெள்ளி என வைத்துக்கொள்வோம். மாதம் மூன்று முறை பொருள் வாங்குபவருக்கு 2 வெள்ளி மிச்சம். இரண்டு முறை மட்டுமே வாங்குபவருக்கு 2 வெள்ளி நட்டம்.

இக்கணக்கில் ஒரு பொறியும் உண்டு. 40 வெள்ளிக்கு வாங்கினால்தான் இலவச விநியோகம் என்னும் நிபந்தனை இருக்கலாம். 25 வெள்ளிக்கு அரிசி, பருப்பு வாங்க வந்தவர், 4 வெள்ளியை மிச்சப்படுத்த 15 வெள்ளிக்கு நொறுக்குத்தீனியைச் சேர்த்தால் அது சேமிப்பாகாது. எனவே, உறுப்பியம் இல்லாவிட்டாலும் வாங்கியிருக்கக்கூடிய பொருள்களை மட்டுமே கணக்கில் சேர்க்க வேண்டும்.

வாழும் இடமும் சூழலும் கருதத்தக்கவை. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைக்கும் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கும் அருகில் வசிப்போர், மளிகைப் பொருள்களையும் பூக்களையும் நடந்து சென்றே வாங்கலாம். ஆனால், தனித்து வாழும் முதியோருக்கும் வாகனமில்லாக் குடும்பத்தினருக்கும் வீட்டு விநியோகம் இன்றியமையாதது. அவர்களுக்கு உறுப்பியக் கட்டணம் பயனுள்ள செலவே.

இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் கட்டணம் தானாகவே பிடிக்கப்படலாம். பயனீட்டாளரின் தெளிவான சம்மதமின்றி அவர்களைப் பிரைமில் சேர்த்ததாகவும், விலகுவதைக் கடினமாக்கியதாகவும் அமெரிக்க அரசு அமைப்பொன்று 2023இல் அமேசான் மீது வழக்குத் தொடுத்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாத அந்நிறுவனம், 2025இல் 2.5 பில்லியன் டாலர் செலுத்த இணங்கியது. ஆகவே, உறுப்பியத்தில் சேரும் நாளன்றே அது முடிவடையும் நாளையும் நாள்காட்டியில் குறித்துக்கொள்வது நன்று.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது பழமொழி. மூன்று மாதச் செலவைக் குறித்துப் பார்த்தால் உண்மை விளங்கும். கட்டணத்தைவிடப் பயன் குறைவெனில் உறுப்பியத்தை இரத்து செய்யலாம். மாதக் கட்டணமாயின், தீபாவளி போன்று அதிகம் வாங்கும் மாதத்தில் மட்டும் மீண்டும் சேரலாம்.