பட்டத்திற்கேற்பத் தொட்டிக் காய்கறி

கோடையில் கிணற்று நீர் அடிமட்டத்திற்கு இறங்கிவிட்டால், விவசாயி வீட்டிலும் காய்கறியைக் காசு கொடுத்து வாங்கும் நிலை வந்துவிடுகிறது. கொல்லையில் 12 தொட்டிகள் இருந்தால், அரிசியும் காய்கறியும் கழுவிய நீரைக் கொண்டே வீட்டுத் தேவையில் ஒரு பகுதியை ஆண்டு முழுவதும் பெறலாம். ஆனால் ஒரே பயிரையே திரும்பத் திரும்ப வைத்தால் பலன் கிட்டாது. வயலைப் போலவே தொட்டிக்கும் பட்டம் உண்டு.

தொட்டியும் மண்ணும்

மண் தொட்டி, வாய் உடைந்த பானை, எண்ணெய் டின் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். பூச்சிமருந்து இருந்த டின்களை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. எவ்வளவு கழுவினாலும் நஞ்சு முழுவதும் நீங்குவதில்லை. காய்கறிகளுக்கு ஓர் அடி ஆழமும் கீரைகளுக்கு அரை அடி ஆழமும் தேவை. அடியில் துளையிட்டு, அதன்மேல் ஓட்டுத் துண்டு வைத்து, செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்ப வேண்டும்.

பயிர்த் திட்டம்

தொட்டிகளை 4 வீதம் மூன்று பிரிவாகப் பிரித்துக் கொள்ளவும்.

முதல் பிரிவு: ஆனியில் நாற்று விட்ட கத்தரியை ஆடியில் நட்டால் தை வரை காய் பறிக்கலாம். பின்னர் மாசியில், வெயிலைத் தாங்கும் கொத்தவரையை விதைக்கலாம்.

இரண்டாம் பிரிவு: ஆடியில் வெண்டை. கார்த்திகையில் தக்காளி விதைத்து, 25 நாள் நாற்றை மார்கழியில் நடவும். கடும் வெயிலில் தக்காளிப் பூக்கள் உதிரும். ஆகையால் பங்குனிக்குள் அறுவடை முடியும்படி நடுவது நல்லது.

மூன்றாம் பிரிவு: ஆடியில் சிறுகீரை, மார்கழியில் முள்ளங்கி, கொத்தமல்லி, சித்திரையில் தண்டுக்கீரை.

கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றை அதே மண்ணில் அடுத்தடுத்து நட்டால் வாடல் நோயும் நூற்புழுவும் பெருகும். ஒரு பயிர் முடிந்ததும் மண்ணைக் கொட்டி, 4 நாட்கள் வெயிலில் உலர்த்தி, தொழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து மீண்டும் நிரப்பவும்.

இடமாற்றம்

வயலை நகர்த்த முடியாது; தொட்டியை நகர்த்தலாம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் வீட்டின் வடபுறம் நிழல் விழும். அப்போது தொட்டிகளைத் தென்புறம் வைக்க வேண்டும். சித்திரையில் கிழக்குச் சுவரோரம் வைத்தால் காலை வெயில் கிடைக்கும். பிற்பகல் வெயில் தாக்காது. ஐப்பசி மழையில் செங்கல் மீது தூக்கி வைத்தால் நீர் வடிந்து வேர் அழுகாது. நீர் விடுவதற்கு முன் நகர்த்தினால் பாரம் குறைவாக இருக்கும்.

நீரும் பயிர்ப் பாதுகாப்பும்

கோடையில் மண்மீது வைக்கோல் அல்லது சருகு பரப்பினால் ஈரம் காக்கப்படும். சோப்பு நீரை ஊற்றக் கூடாது. அசுவினி தென்பட்டால், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி மாலையில் தெளிக்கவும்.

ஒரு பயிர் காய்ப்பில் இருக்கும்போதே அடுத்த பயிருக்கு நாற்று தயாராக வேண்டும். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தால், கோடையிலும் கொல்லையில் காயும் கீரையும் பறிக்கலாம்.