நாலு கால்... நாப்பது பல்பு!

'மெக்கானிக்கல் படிக்கிறேன், எனக்கா ஒரு டேபிள் செய்யத் தெரியாது?' - இப்படி ஒரு டயலாக்கை வீட்டில் சத்தமாச் சொல்லிட்டு, அன்னிக்கு சாயங்காலமே வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? இல்லைன்னா, என்னைப் பார்த்துக் கத்துக்கங்க. சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம். ஆனா, கடைசி வரைக்கும் படிங்க. நடுவுல ஒரு இடத்தில் சிரிப்பு வராது.

எங்க ஊர் செங்கோட்டைப் பக்கம். தாத்தா ஆசாரி. ஊர்ல பாதி வீட்டு நிலைக்கதவு அவர் கைவேலை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால பக்கவாதம் வந்து வலது கை போயிடுச்சு. அன்னிக்குப் பூட்டினதுதான், கொல்லையில் இருக்கிற ஷெட். அதுக்கு அப்புறம் தாத்தா அந்தப் பக்கமே போகலை. முருங்கை மரத்தடியில் நாற்காலியைப் போட்டு, ஷெட்டுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

தங்கச்சி இந்த வருஷம் ப்ளஸ் டூ. அம்மாவோட தையல் மிஷின் மேல புத்தகத்தை வெச்சுப் படிக்கிறா. 'ஸ்டடி டேபிள் நானே செஞ்சு தர்றேன்'னு வாக்கு கொடுத்தேன். ஷெட்ல பழைய வீட்டை இடிச்சப்போ வந்த தேக்குக் கதவுப் பலகை மூணு, ஏழடி நிலைக்கட்டை ரெண்டு இருந்தது. தாத்தா பத்திரமா எடுத்து வெச்ச மரம். கேட்டேன். ஒரு நிமிஷம் என் மூஞ்சியையே பார்த்தார். அப்புறம் சாவியை நீட்டினார். அவ்ளோதான். அட்வைஸ்கூட கிடையாது!

காலை 7 மணி: ஆரம்பமே அமர்க்களம்

சனிக்கிழமை. யூடியூபில் நாலு வீடியோ பார்த்த தைரியத்தில் கதவைத் திறந்தேன். பரணில் கை வெச்சதும் மேலேயிருந்து கொட்டாப்புளி வந்து தோள்பட்டையில் 'ணங்'! 'ஃப்ரெண்ட்ஸ்' (2001) படத்து நேசமணிக்காவது 2019-ல உலகமே ட்விட்டரில் பிரார்த்தனை பண்ணுச்சு. எனக்கு, வாசல்ல நின்னு சிரிக்கிற தங்கச்சி மட்டும்தான்.

அடுத்து, அளக்கிற டேப். அதோட முனையில் இருக்கிற தகடு லேசா முன்னும் பின்னும் ஆடுச்சு. 'லூஸா இருக்கே'ன்னு சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டி இறுக்கினேன். மூணாவது தட்டில் தகடு கையோட வந்துடுச்சு.

அது லூஸ் இல்லை மக்களே, டிசைன்! பலகையோட வெளி விளிம்பில் மாட்டி இழுத்து அளக்கும்போது, தகடு தன் கனத்துக்கு வெளியே வரும். உள்பக்கமா சுவரில் முட்டி அளக்கும்போது, அதே அளவுக்கு உள்ளே போகும். ரெண்டு வழியிலும் அளவு சரியா வரத்தான் அந்த ஆட்டம். மெட்ராலஜி பேப்பரில் 'ஜீரோ எரர்' பத்தி மூணு பக்கம் எழுதினவன், ஜீரோவையே உடைச்சுட்டேன்.

தகடு போனதால, 1 இன்ச் கோட்டிலிருந்து அளந்து, கடைசியில் ஒண்ணைக் கழிச்சுக்கலாம்னு முடிவு. 30 இன்ச் கால் வேணும்னா, 31-ல் கோடு. முதல் மூணு கால் சரி. நாலாவது கால் அளக்கும்போது செல்போன் அடிச்சது. பேசிக்கிட்டே 30-லயே கோடு போட்டுட்டேன். விளைவு என்னன்னு அப்புறம் சொல்றேன்.

காலை 9 மணி: பவர் கட்

பலகைகளை நாலடி நீளத்துக்கு வெட்டணும். தாத்தாவோட கை ரம்பம் துருப்பிடிச்சுக் கிடந்தது. 'எதுக்கு இந்தப் பழங்காலம்'னு பக்கத்து வீட்டில் கிரைண்டர் மெஷின் இரவல் வாங்கினேன். தோசை மாவு கிரைண்டர் இல்லைங்க, டைல்ஸ் வெட்டுவாங்களே... கையில் பிடிக்கிற 4 இன்ச் மெஷின். அதில் மர பிளேடு மாட்டியிருந்தது. பாதுகாப்பு மூடியைக் கழட்டித்தான் கொடுத்தாங்க. நானும் கேட்கலை.

பாதிப் பலகை வெட்டியிருப்பேன். புஸ்ஸ்ஸ்... கரன்ட் போயிடுச்சு. மாதாந்திரப் பராமரிப்பாம், 2 மணிக்குத்தான் வருமாம். பேப்பரில் ரெண்டு நாள் முன்னாடியே போட்டிருந்தாங்களாம். 'தாத்தாக்குத் தெரியுமே'ன்னா தங்கச்சி. மெஷினை அப்படியே மேஜையில் வெச்சுட்டு, ரம்பத்தை எடுத்தேன்.

அந்த 'அப்படியே'வை ஞாபகம் வெச்சுக்கங்க.

துருப்பிடிச்ச ரம்பத்தால நிலைக்கட்டையை அறுக்கிறது, அரியர் பேப்பரை முதல் நாள் ராத்திரி படிக்கிற மாதிரி. வியர்வை வரும், பாஸ் வராது. ஒரு வழியா நாலு காலும் அறுத்து நிறுத்தி வெச்சா... மூணு பேர் அமிதாப், ஒருத்தர் மட்டும் குள்ளம்! சரியா ஒரு இன்ச். வேற கட்டை எடுக்கலாம்னா, ஒவ்வொரு நிலைக்கட்டையிலும் மிச்சம் 25 இன்ச்சுக்கும் குறைவு. வேற வழி? மத்த மூணையும் 29-க்குக் குறைச்சேன்.

காலை 11 மணி: ஆணி!

பலகை மூணையும் பக்கம் பக்கமா ஒட்டணும். விளிம்பு நேரா இருந்தாத்தான் ஒட்டும். தாத்தாவோட இழைப்புளியை எடுத்தேன். அவர் கைபட்டுக் கைபட்டு, பிடி கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும். நாலு இழுப்பு, சுருள் சுருளா சீவல்... ஆஹா! அஞ்சாவது இழுப்பில் 'கிரீச்'.

பழைய கதவாச்சே... தலை உடைஞ்ச ஆணி ஒண்ணு மரத்துக்குள்ள புதைஞ்சிருந்தது. இழைப்புளித் தகட்டில் பல் விழுந்துடுச்சு. பழைய மரத்தில் கை வைக்கும் முன்னாடி ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்த்தா போதும், ஆணி இருக்கிற இடம் தெரிஞ்சுடும். இது எனக்கு எப்போ தெரியும்? ஆணி கிடைச்ச பிறகு.

நிமிர்ந்து பார்த்தேன். தாத்தா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஷெட் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். ரெண்டு வருஷத்தில் முதல் தடவை. திட்டுவார்னு நின்னேன். ஒண்ணும் சொல்லலை. அதுதான் இன்னும் வலிச்சது.

அப்புறம் பசை. 'நிறையப் போட்டா நல்லா ஒட்டும்'கிற நம்பிக்கையில் தாராளமா ஊத்தி, கீழே பழைய நியூஸ் பேப்பர் விரிச்சு, கிளாம்ப் இல்லாததால கயித்தால் கட்டி, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வெச்சேன். ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினீயரிங் பிராக்டிசஸ் லேபில் நான் செஞ்ச ஜாயின்ட் ஞாபகம் வந்தது. இடைவெளியில் மரத்தூளும் பசையும் அடைச்சு மார்க் வாங்கினோம்ல? நீங்களும் அதே கேஸ்தானே... சும்மா சொல்லுங்க!

மதியம் 2 மணி: சிரிப்பு நின்ன நேரம்

தங்கச்சி சாப்பாட்டுத் தட்டோட ஷெட்டுக்குள்ள வந்தா. தாத்தா நாற்காலியை இன்னும் நகர்த்தி, ஷெட் வாசலுக்கே வந்திருந்தார். அவள் மேஜையில் தட்டை வைக்கக் குனிஞ்சா. அப்போ கரன்ட் வந்தது.

மேஜையில் 'அப்படியே' வெச்ச கிரைண்டர், தானா ஓட ஆரம்பிச்சது.

அந்த மெஷினில் இருக்கிறது, தள்ளினா அப்படியே நிக்கிற சுவிட்ச். காலையில் கரன்ட் போனப்போ நான் அதை ஆஃப் பண்ணலை. அஞ்சு மணி நேரமா அது 'ஆன்'லயே காத்துக்கிட்டு இருந்திருக்கு. துள்ளி எழுந்து, மேஜையில் உருண்டு, அவ துப்பட்டா நுனியைச் சுருட்டி இழுத்தது. அவ கத்தினா. நான்? சிலை மாதிரி நின்னேன் ஃப்ரெண்ட்ஸ். மூணு வருஷ இன்ஜினீயரிங், ஒரு விநாடிக்கு உதவலை.

டப். மெஷின் ஓய்ஞ்சது.

தாத்தா! வாசல் சுவரில் இருக்கிற சுவிட்சை இடது கையால் அடிச்சிருந்தார். நாற்காலியிலிருந்து எப்படி எழுந்தார்னு அவருக்கே தெரியலை. துப்பட்டாவில் ஒரு சாண் கிழிசல். அவ கழுத்துக்கும் பிளேடுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்ததுன்னு நான் அளக்கலை. அளக்கவும் மாட்டேன்.

அன்னிக்கு ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த வகை மெஷின் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று. 4 இன்ச் பிளேடுன்னா, விளிம்போட வேகம் மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பைக்கில் அந்த வேகம் போறவனைப் பார்த்தா 'பைத்தியம்'னு சொல்லுவோம். நான் அதை மூடிகூட இல்லாம சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வெச்சிருந்தேன். கரன்ட் போய் வந்தா தானா ஓடாத மாதிரி பாதுகாப்போட வர்ற மெஷின்களும் இருக்கு. அது இல்லாத மெஷினுக்கு, நம்ம விரல்தான் பாதுகாப்பு: கரன்ட் போனதும் ஆஃப் பண்ணி, ப்ளக்கைப் பிடுங்கணும்.

தாத்தா மெதுவா ரெண்டு கையையும் நீட்டினார். வலது கையை இடது கையால்தான் தூக்கணும். பேச்சு இப்போ அவருக்குத் திக்கித் திக்கித்தான் வரும்.

"எண்ணுலே..."

எண்ணினேன். பத்து.

"அம்பது வருசம் வேல பாத்தேன். கதவு செஞ்சது பெருமயில்ல. இதான்லே பெரும."

மாலை 5 மணி: ஆடுது... ஆடுது!

வேலையை விட்டுடலாம்னு இருந்தேன். "அத முடி"ன்னார் தாத்தா. கால்களைக் குறுக்குக் கட்டை வெச்சு ஸ்க்ரூ போட்டு நிறுத்தினேன். அம்மிக்கல்லை இறக்கிப் பலகையைத் திருப்பினா, அடியில் நியூஸ் பேப்பர் ஜம்முன்னு ஒட்டிக்கிட்டு வருது. உத்துப் பார்த்தா, 'நாளை மறுநாள் மின் நிறுத்தம்' அறிவிப்பு! சத்தியமாங்க.

மேஜையை நிமிர்த்தினேன். ஆடுச்சு. ஒரு காலை அரை இன்ச் குறைச்சேன். எதிர்ப்பக்கம் ஆடுச்சு. அதையும் குறைச்சேன். இன்னும் ஆடுச்சு. இப்படியே போனா மணைப்பலகை ஆயிடும்!

தாத்தா காலால் தரையைத் தட்டிக் காட்டினார். ஷெட் மூலையில் பெருச்சாளி தோண்டி, சிமென்ட் தரை உள்ளே இறங்கியிருக்கு. கோளாறு காலில் இல்லை, தரையில்! கணிதத்தில் இதுக்கு ஒரு தேற்றமே உண்டு தெரியுமா? தரை மேடு பள்ளமா இருந்தாலும், படிக்கட்டு மாதிரி திடீர் வெட்டு இல்லாம இருந்தா, சதுர மேஜையை நின்ன இடத்திலேயே 90 டிகிரிக்குள் சுத்தினா, நாலு காலும் பதியிற ஒரு நிலை கிடைச்சுடும். ஒரே நிபந்தனை, கால்கள் சம உயரமா இருக்கணும். நான்தான் ஏற்கெனவே நறுக்கிட்டேனே!

தாத்தா சொல்லிக் கொடுத்த வழி எந்த வீடியோவிலும் நான் பார்க்காதது. ஹாலில் மட்டமான டைல்ஸ் மேல மேஜையை வை. குட்டைக் காலுக்கு அடியில் சீவல் சொருகி, மேல்பலகை ரசமட்டத்துக்கு வர்ற வரைக்கும் ஏத்து. அப்புறம் ஒரு சின்னக் கட்டைத்துண்டைத் தரையில் படுக்கவெச்சு, அது மேல பென்சிலை வெச்சு, நாலு காலையும் சுத்திக் கோடு போடு. கோட்டில் அறு. முடிஞ்சது. எவ்ளோ குளறுபடியான காலா இருந்தாலும் நாலும் தரையைத் தொடும்.

இன்னொண்ணும் சொன்னார். மேல்பலகையை ஸ்க்ரூ போட்டு இறுக்கி அடிக்காதே. ஸ்க்ரூ துளையைக் கொஞ்சம் நீளமா விடு. மரம் ஈரக் காத்தில் அகலவாக்கில் விரியும், வெயிலில் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் ரொம்பக் குறைவு. எங்க ஊர் சாரல் சீசனில் கதவு சிக்கிக்கிறதுக்கும் இதான் காரணம். இடம் கொடுக்கலைன்னா பலகை வெடிச்சுடும்.

மறுநாள் கோட்டில் அறுத்து முடிச்சப்போ உயரம் 28 இன்ச். 'எனக்கு இதான் கரெக்டா இருக்கு'ன்னா தங்கச்சி. அவ ஹைட்டைப் பத்தி ஏதாவது சொல்லிடாதீங்க, கிழிஞ்ச துப்பட்டாவுக்கு இன்னும் பதில் சொல்லலை நான்.

அடியில் பேப்பர் இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. சுரண்ட வேண்டாம்னு தாத்தா சொல்லிட்டார். ஒரு விஷயம் மட்டும் சொல்லி முடிச்சுக்கறேன். ஞாயித்துக்கிழமை காலையில் நான் எழுந்திரிச்சப்போ ஷெட் கதவு திறந்திருந்தது. உள்ளே, சாணைக்கல்லில் தண்ணி தெளிச்சு, பல் விழுந்த இழைப்புளித் தகட்டை ஒத்தைக் கையால் தேய்ச்சுக்கிட்டு இருந்தார் தாத்தா. என்னைப் பார்த்ததும் தகட்டை நீட்டினார்.

"அந்தப் பக்கம் பிடில."

பிடிச்சேன்.

ஷெட்டுக்குள்ள போறீங்களா? ஒரு நிமிஷம்!

* கரன்ட் போச்சா? முதல் வேலை, மெஷின் சுவிட்சை ஆஃப் பண்ணி ப்ளக்கைப் பிடுங்குறது. பிளேடு மாத்தும்போதும் அப்படியே.
* பாதுகாப்பு மூடி இல்லாத மெஷினை, இலவசமாக் கொடுத்தாலும் வாங்காதீங்க.
* துப்பட்டா, தொங்கற சட்டைக் கை, கழுத்துக் கயிறு எல்லாம் வாசலுக்கு வெளியே. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.
* ரெண்டு தடவை அளந்து ஒரு தடவை வெட்டுங்க. அளக்கும்போது செல்போன் சைலன்ட்!
* வெள்ளைப் பசை முழுசா இறுக ஒரு நாள் விடுங்க. அடியில் பேப்பருக்குப் பதிலா பாலிதீன் விரிச்சா ஒட்டாது.
* வேலை முடிஞ்சதும் விரலை எண்ணுங்க. பத்து இருந்தா, டேபிள் ஆடினாலும் நீங்க பாஸ்!