நண்பர் ஈந்த சிறுநீரகம்

1995-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் உலகக் கோப்பை ரக்பி அரையிறுதிப் போட்டி நடைபெற்றது. முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஓடி, எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் நிலத்தில் பதிப்பதே இவ்வாட்டத்தின் நோக்கம். அதனை 'டிரை' என்பர். நியூசிலாந்தின் ஜோனா லோமு என்னும் இருபது வயது வாலிபர் அன்று இங்கிலாந்துக்கு எதிராக நான்கு டிரைகள் எடுத்தார். தடுக்க முயன்ற ஒருவரைச் சுற்றிச் செல்லாமல் மிதித்துக்கொண்டே சென்றார்! 196 சென்டிமீட்டர் உயரமும், ஏறத்தாழ 120 கிலோ எடையும் கொண்ட அவ்வுடலில் நோய் குடிபுகும் என்று யார்தான் எண்ணியிருப்பர்?

தொங்கா நாட்டினின்று குடியேறிய பெற்றோருக்கு ஆக்லாந்தில் 1975-இல் பிறந்த லோமு, மெதடிஸ்டு சபையாரின் வெஸ்லி கல்லூரியில் பயின்றவர். 19-ஆம் வயதிலேயே நாட்டின் அணியில் இடம் பெற்றார். 1995 ஆகஸ்டில்தான் ரக்பி யூனியன் ஊதியம் பெறும் தொழிலாயிற்று. அப்புதிய காலத்தின் முதற் பெரும் புகழாளர் இவரே. ஆனால் அவ்வாண்டின் இறுதியிலேயே அவருக்குக் கடுமையான சிறுநீரக நோய் இருப்பதை மருத்துவர்கள் கண்டறிந்தனர். அந்நோயோடுதான் அவர் 1999 உலகக் கோப்பையில் 8 டிரைகள் எடுத்தார். மொத்தம் 63 பன்னாட்டுப் போட்டிகளில் 37. நலமுள்ளோர்க்கே இஃது அரிய கணக்கு. 2003-இல் வாரம் மும்முறை இயந்திரத்தால் இரத்தத்தைத் தூய்மை செய்ய வேண்டிய நிலை வந்தது. கால் நரம்புகளும் நலிந்தன.

அப்போது தம் சிறுநீரகங்களுள் ஒன்றை அளிக்க முன்வந்தார் வானொலி அறிவிப்பாளரான நண்பர் கிராண்ட் கெரியாமா. 2004 ஜூலை 28-இல் அறுவை சிகிச்சை நிகழ்ந்தது.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், லோமு புகழ் பெற்ற அதே 1995-இல் 'வாழ்வின் நற்செய்தி' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். அன்றாட வாழ்வின் ஆரவாரமற்ற வீரச் செயல்களுள், அறநெறிக்கு உட்பட்ட உறுப்புக் கொடையை அவர் அதில் சிறப்பாகப் பாராட்டுகின்றார். உறுப்புகளை விலைப்பொருளாக்குவது அறத்துக்கு ஒவ்வாது என்றும் 2000-இல் உரோமையில் எடுத்துரைத்தார். கைதட்டல் மைதானத்து வீரருக்கே கிடைத்தது. திருத்தந்தை சுட்டிய வீரம் மருத்துவமனைக் கட்டிலில் நிகழ்ந்தது என்பேன்.

லோமு மீண்டும் களம் புகுந்தார். வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் அணிக்கும் ஆடினார். 2007-இல் ஓய்வு பெற்றார். 2011-இல் மாற்றுச் சிறுநீரகம் செயலிழக்க, மீண்டும் இயந்திர சிகிச்சை தொடங்கியது. 2015 நவம்பர் 18-இல், தம் 40-ஆம் வயதில் அவர் இறந்தார். அப்படியாயின் நண்பரின் கொடை வீணோ? அச்சிறுநீரகம் உழைத்த ஏழாண்டுகளுக்குள்தான் லோமுவின் ஆண்மக்கள் இருவரும் பிறந்தனர்.