"பிரசவ வலியையே தாங்கினவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா?" - சிறுநீர்ப்பை பரிசோதனையில் பெண்கள் கேட்டுப் பெற வேண்டியவை

"நீர்க்கடுப்பா? சூடு பிடிச்சிருக்கும். எளநி குடி, கால் பெருவிரல்ல வெளக்கெண்ண தடவு!"

திண்டுக்கல் பக்கத்து வீடுகளில் பெரியவர்கள் சொல்லும் முதல் வைத்தியம் இதுதான். நிலக்கோட்டைப் பக்கம் விடியும் முன்னே மல்லிகை பறிக்கப் போகிறவர்களுக்கும், வேடசந்தூர்ப் பக்கம் மில்லில் ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கும் வேலை நேரத்தில் பாத்ரூம் போவது சுலபமில்லை. தண்ணீரைக் குறைப்பதும், சிறுநீரை அடக்குவதும் பழகிவிடுகிறது. கடுப்பு அடிக்கடி திரும்பி வந்தாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ டாக்டர் எழுதித் தரும் பரிசோதனைகளில் ஒன்று, 'சிஸ்டோஸ்கோப்பி'.

'உள்ளே கேமரா விடுவாங்களாம்' என்றதுமே வலிக்குப் பயந்தும், கூச்சப்பட்டும் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. அதில்தான் ஆபத்து. வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வருவது, சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். பெண்களுக்கு அது கிருமித்தொற்று, மாதவிடாய்க் கோளாறு என்று நினைக்கப்பட்டு, நோய் தாமதமாகத் தெரியவருவது உலகம் முழுக்க நடக்கிறது.

என்ன செய்வார்கள்?

பெண்களின் சிறுநீர்க்குழாய் சுமார் 4 செ.மீ நீளம்தான். அதன் வழியாகக் கேமரா பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறுநீர்ப்பையைச் சலைன் நீரால் நிரப்பிப் பார்ப்பார்கள். பொதுவாக 5 முதல் 10 நிமிடத்தில் முடிந்துவிடும். குழாய் உள்ளே நுழையும் நொடிகளில்தான் எரிச்சல் அதிகம். நீர் நிரம்பும்போது 'இப்பவே யூரின் போகணும்' என்று தோன்றும். அது இயல்புதான், பதற வேண்டாம்.

வலியைக் குறைக்க என்ன வழி?

* மரத்துப்போகும் ஜெல்: 1943-ல் ஸ்வீடனில் உருவாக்கப்பட்ட லிக்னோகெய்ன் மருந்துதான் இன்றும் கைகொடுக்கிறது. தடவியதும் தொடங்காமல் சில நிமிடம் விட்டால்தான் மரத்துப்போகும். "கொஞ்ச நேரம் விட்டு ஆரம்பிக்கலாமா டாக்டர்?" என்று கேட்பதில் தவறில்லை.

* வளையும் குழாய்: வளையாத குழாய், வளையும் குழாய் என இரண்டு வகை உண்டு. உங்களுக்கு எது என்று முன்பே கேளுங்கள்.

* மூச்சு: குழாய் நுழையும்போது மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். தொடைகளை இறுக்காமல், சிறுநீர் கழிப்பதுபோல உடலைத் தளர்த்துங்கள்.

* பேச்சுத்துணை: நர்ஸ் கையைப் பிடித்துக்கொள்வது, பேச்சுக்கொடுப்பது, பிடித்த பாட்டைக் கேட்பது எல்லாமே பதற்றத்தைத் தணிக்கும். பதற்றம் குறைந்தால் தசை இறுகாது.

* நிறுத்தச் சொல்லும் உரிமை: வலி தாங்கவில்லை என்றால் கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என முன்கூட்டியே பேசிவையுங்கள்.

சிறுநீர்ப்பைக்குள் ஊசி போடும் சிகிச்சை என்றால், மரத்துப்போகும் மருந்தை உள்ளேயே செலுத்தி 20 முதல் 30 நிமிடம் காத்திருக்கும் வழக்கம் உண்டு.

முன்பே சொல்லிவிடுங்கள்

மருந்து அலர்ஜி, கர்ப்பம், சர்க்கரைநோய், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, மாதவிடாய் நின்றபின் வறட்சி, முன்பு நடந்த பரிசோதனையில் பட்ட வலி... எதையும் மறைக்க வேண்டாம். சிறுநீரில் கிருமித்தொற்று இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் பொதுவாகப் பரிசோதனை செய்வார்கள். பயம் அதிகம் என்றால் மயக்க மருந்து கொடுத்தும் செய்ய முடியும்.

வீட்டுக்கு வந்தபின்

ஓரிரு நாள் எரிச்சலும், லேசான இளஞ்சிவப்பு நிறச் சிறுநீரும் இருக்கலாம். டாக்டர் தடை சொல்லாவிட்டால் தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். காய்ச்சல், குளிர்நடுக்கம், ரத்தக்கட்டி, சிறுநீர் வராமல் அடைப்பது, கூடிக்கொண்டே போகும் வலி - இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எங்கே போவது?

திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறந்துவைக்கப்பட்டது. அதன் மருத்துவமனையில் முதலில் காட்டலாம். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் சிறுநீரகவியல் பிரிவு இருக்கிறது. சந்தேகங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம். பரிசோதனை அறையில் பெண் நர்ஸ் உடன் இருக்க வேண்டும் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

பெண்களின் வலியை மருத்துவ உலகமே இப்போதுதான் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. கர்ப்பப்பை தொடர்பான சிகிச்சைகளை மருத்துவரின் அறையிலேயே செய்யும்போது, வலி நிவாரண வழிகளைப் பெண்ணிடம் முன்பே எடுத்துச்சொல்ல வேண்டும் என 2025 மே மாதம் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் வழிகாட்டுதல் வெளியிட்டது. சிறுநீர்ப்பைக்கும் அதே நியாயம்தானே?

"பிரசவ வலியையே தாங்கினவளுக்கு இது என்ன?" என்று இனி யாராவது சொன்னால், தயங்காமல் சொல்லுங்கள்: "அதைத் தாங்கிட்டேன். அதுக்காக இதையும் தாங்கணும்னு இல்லையே!"